இரண்டு எண்கள்

மூர்கேனுடையது பவளப்பாறையில் மோதிக்
காலை உடைத்துக்கொண்டது.
கியர் பெட்டியைத் திறந்தால்
பல் கொட்டிய வாய்,
பால் விட்ட தேநீர் நிறத்தில் எண்ணெய்.
தலை மட்டும் பழுதில்லை.

சூப்ராயனுடையது புயலில் முங்கி
மூன்று நாள் லகூனின் அடியில் கிடந்தது.
பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
கட்டை வைத்துத் தட்டினேன்.
டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தேன்.
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
கால் மட்டும் போன வருஷம் புதிதாய்ப் போட்டது.

முதலாமவர் என் கணவர்.
(பிறப்புச் சீட்டில் முருகன்தான் எழுதச் சொன்னார்களாம்;
பிரெஞ்சு எழுத்து மூர்கேன் ஆக்கிவிட்டது.
பொருத்தம்தான்.)
இரண்டாமவன் என் தம்பி.
பேச்சு நின்று இரண்டு காவடி போய்விட்டது,
ஒரு பழைய வலை விற்ற காசில்
எழுநூறு ரூபாய்க் கணக்கு.

"பா மார்ஷே. ஓடாது.
இரும்புக்காரனுக்குப் போடு"
என்றார்கள் இருவரும்,
வேறு வேறு நாளில், ஒரே வாயால்.

ப்ளூ பேயில் ஓட்டல் படகுக் கொட்டகையில்
பதினோரு வருஷம் ஸ்பேனர் பிடித்தவள் நான்.
எஞ்சின் இருமினால்
சளியா புகையா என்று தெரியும்.

ஐஸ்கிரீம் டப்பா இரண்டு.
நீல மூடியில் அவருடைய போல்ட்டுகள்,
மஞ்சள் மூடியில் அவனுடையவை.
மூன்றாம் நாள் மழை வந்தது.
ஓடிப்போய் அள்ளியதில்
எல்லாம் ஒரே வாளி.

எட்டுத் துளையும் எட்டுத் துளையோடு சேர்ந்தன.
தண்ணீர்க் குழாய்தான் ஒரு விரல்கடை எட்டவில்லை.
செத்துப்போன ஃப்ரிட்ஜிலிருந்து செம்புக் குழாய் அறுத்து
ரோஸ் பெல்லுக்கு பஸ்ஸில் கொண்டுபோய்ப்
பற்றவைத்து வந்தேன், மடியில் சூடாக.
கேஸ்கெட்டுக்குக் கோயில் காலண்டர் அட்டை.
வளைத்து வெட்டும்போது
வேலின் நுனி உள்ளே போய்விட்டது.
எண்ணெய் தடவி மூடிவிட்டேன்.

நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி
எஞ்சினை மாட்டிக் கயிற்றை இழுத்தேன்.
எத்தனை இழுப்பு என்று நான் எண்ணவில்லை,
தோள் எண்ணியது.
ஒரு தும்மல்.
பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம்.
பக்கத் துளையில் ஒன்றும் வரவில்லை,
வரவில்லை,
துப்பியது,
பிறகு கைக்குழந்தை விடுவதுபோல
வளைந்து ஒரு மெல்லிய கோடு.
விரலை நீட்டினேன்.
வெதுவெதுப்பு.

சத்தம் கேட்டு வேலிக்கு இந்தப்பக்கம் ஒருவர்,
அந்தப்பக்கம் ஒருவன்.
"அது என் எஞ்சினின் தொண்டை" என்றார் அவர்,
என்னிடம்.
"கால் யாருடையதாம்?" என்றான் அவன்,
அதுவும் என்னிடம்.

மஹேபூர் கடலோரக் காவல் நிலையத்தில்
இளவயது அதிகாரி குனிந்து தேடினார்.
பிளாக்கில் ஒரு எண்,
கிளாம்பில் ஒரு எண்.
"ஒரு எஞ்சினுக்கு ஒரு எண்தான், மதாம்.
யார் பேரில் எழுத?"
பேனா காத்திருந்தது.
இரண்டு ஆண்களும் கடலைப் பார்த்தார்கள்,
அங்கே எழுதியிருப்பதுபோல.
"சிந்தாமணி என்று எழுதுங்கள்" என்றேன்.
"இரண்டு எண்ணையும் போடுங்கள், கோட்டுக்கு வெளியே போனாலும்."

தம்பியின் பிரோக் அந்தப் புயலோடு போயிற்று.
அவருடையது இருக்கிறது.
முன்கியர் விழுகிறது, நல்ல இழுவை,
பாறை வாசல் தாண்டும்போதும் திணறவில்லை.
பின்கியர்தான் பிடிக்காமல் நழுவுகிறது.
கரை சேரும்போது ஒருவர் சுக்கானில் இருக்க
இன்னொருவர் முன்னால் நின்று
கழியை ஊன்றி நிறுத்த வேண்டும்.
தனி ஆளால் ஆகாது.

நேற்று அதிகாலை மூன்றரைக்கு
இருவரும் போனார்கள்.
"வலது" என்று ஒரு குரல்,
வெகுநேரம் கழித்து
"தெரியும்" என்று இன்னொன்று.

கியர் கம்பியில் ஒரு நட்டு,
இரண்டு சுற்றுச் சுற்றினால் பின்கியர் விழும்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர்
என் கவுன் பையில் இருக்கிறது.